லாக்இன் ஆகுது, ஆனா டெஸ்க்டாப் காலியா இருக்கு: டொமைன் கம்ப்யூட்டர்ல ப்ரொஃபைலையும் பாலிசியையும் சரி பண்றது எப்படி

"சார், என் டெஸ்க்டாப்ல இருந்த ஃபைல் ஒண்ணையும் காணோம்." இப்படி ஒரு போன் வந்தா நீங்க சொல்ல வேண்டிய முதல் வார்த்தை, "லாக் ஆஃப் பண்ணாதீங்க, ரீஸ்டார்ட்டும் பண்ணாதீங்க, அப்படியே விட்டுட்டு எந்திரிச்சு நில்லுங்க, நான் வரேன்." மத்ததெல்லாம் அப்புறம். எதுக்கு இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா அதுக்குக் காரணம் இருக்கு.

நான் முன்னாடி வேலை பார்த்த இடத்துல ஒரு மார்ச் மாசக் கடைசி. கணக்குப் பிரிவு அக்கா ஒருத்தங்க காலைல வந்து லாக்இன் பண்ணிருக்காங்க, வால்பேப்பர் மாறியிருக்கு, ஐகான் எல்லாம் புதுசா இருக்கு, ஏதோ ஒரு மெசேஜ் வந்து போயிருக்கு, யாரோ அப்டேட் போட்டிருப்பாங்கன்னு நினைச்சுட்டு வவுச்சரை ஒண்ணொண்ணா பார்த்து எக்ஸெல்ல அடிச்சு டெஸ்க்டாப்லயே சேவ் பண்ணிட்டு வந்திருக்காங்க. மூணு மணிக்கு பிரிண்டர் வரலன்னு எங்களுக்கு போன். எங்க டீம் தம்பி ஒருத்தன் போன்லயே "ஒரு தடவ லாக் ஆஃப் பண்ணிட்டு உள்ள வாங்கக்கா"ன்னு சொல்லிட்டான், அவங்களும் பண்ணிட்டாங்க, திரும்ப உள்ள வந்தா காலைல இருந்து அடிச்ச ஃபைல் இல்ல. அவங்க இருந்தது டெம்ப் ப்ரொஃபைல், அதாவது சொந்த செட்டிங்கும் ஃபைலும் லோட் ஆகாதப்ப விண்டோஸ் தற்காலிகமா கொடுக்கிற ஒரு காலி இடம். லாக் ஆஃப் ஆன நிமிஷமே விண்டோஸ் அந்த போல்டரை மொத்தமா அழிச்சிரும், ரீசைக்கிள் பின்னுக்குக் கூட போகாது. அன்னைக்கு ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் அவங்க திரும்ப அடிச்சாங்க, நான் பக்கத்துல உட்கார்ந்து வவுச்சர் நம்பரை வாசிச்சுக் கொடுத்தேன். அந்த மாதிரி ஒரு நாள் வேற யாருக்கும் வரக்கூடாதுன்னுதான் இதை எழுதறேன்.

சரி, மெஷின் முன்னாடி போய் உட்கார்ந்தாச்சு. முதல்ல கமாண்ட் ப்ராம்ப்ட்டை சாதாரணமா திறங்க, அட்மின்னா இல்லாம. கர்சருக்கு முன்னாடி ஒரு பாத் தெரியும் பாருங்க. அங்க சி:\யூசர்ஸ்\ அப்புறம் அவங்க பேர் இருந்தா அது அவங்க சொந்த ப்ரொஃபைல்தான், ஃபைல் வேற காரணத்தால காணாம போயிருக்கு. சி:\யூசர்ஸ்\டெம்ப்னு இருந்தா சந்தேகமே வேண்டாம், டெம்ப் ப்ரொஃபைல். உடனே அவங்க இன்னைக்கு சேவ் பண்ணினதை எல்லாம், டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூணையும், டி டிரைவ்லயோ சர்வர் ஷேர்லயோ காப்பி பண்ணிருங்க. திறந்து வெச்சிருக்கிற எக்ஸெல்லயும் வேர்ட்லயும் சேவ் பண்ணாம ஏதாவது இருந்தா அதையும். காப்பி ஆனது திறக்குதான்னு ஒரு ஃபைலைத் திறந்து பார்த்துட்டு அடுத்ததுக்குப் போங்க.

இப்ப ப்ரொஃபைல்னா என்னன்னு ரெண்டு வரில சொல்லிடறேன், இது தெரியாம ரெஜிஸ்ட்ரில, அதாவது விண்டோஸ் தன் செட்டிங் எல்லாம் எழுதி வைக்கிற இடத்துல, கை வெச்சா வம்பு. ஒரு ஆளோட ப்ரொஃபைலுக்கு மூணு துண்டு உண்டு. யூசர்ஸ்குள்ள இருக்கிற அவங்க போல்டர் ஒண்ணு. அந்த போல்டருக்குள்ள மறைஞ்சு இருக்கிற என்டியூசர்.டேட்ங்கிற ஃபைல் இன்னொண்ணு, அவங்களோட ரெஜிஸ்ட்ரி அதாவது கரன்ட் யூசர் பகுதி முழுக்க அந்த ஒரே ஃபைல்ல இருக்கு. மூணாவது, மெஷினோட ரெஜிஸ்ட்ரில ப்ரொஃபைல்லிஸ்ட்னு ஒரு கீ, அதுக்குள்ள ஒவ்வொரு ஆளோட எஸ்ஐடி (அக்கவுன்ட்டோட அடையாள எண்) நம்பர் பேர்லயும் ஒரு கீ இருக்கும், இந்த எஸ்ஐடிக்கு இந்த போல்டர்னு அதுல எழுதியிருக்கும். இந்த மூணும் ஒத்துப் போகலன்னாதான் டெம்ப் ப்ரொஃபைல் வரும்.

எந்தத் துண்டு உடைஞ்சதுன்னு ஈவன்ட் வியூவரே சொல்லிரும், நிறைய பேர் அதைத் திறக்கறதே இல்ல. விண்டோஸ் லாக்ஸ்ல அப்ளிகேஷன் லாகைத் திறந்து யூசர் ப்ரொஃபைல் சர்வீஸ்ங்கிற சோர்ஸை மட்டும் ஃபில்டர் பண்ணிப் பாருங்க. 1511 வந்திருந்தா லோக்கல் ப்ரொஃபைல் கிடைக்கல, டெம்ப்ல உள்ள விடறேன்னு அர்த்தம். 1515 இருந்தா பழைய ப்ரொஃபைலை பேக்கப்னு ஒதுக்கி வெச்சிருக்கு. 1508 வந்தா என்டியூசர்.டேட் ஃபைலையே லோட் பண்ண முடியல, ஃபைல் கெட்டுப் போயிருக்கலாம், இல்ல வேற ஏதாவது ப்ரோக்ராம் பிடிச்சு வெச்சிருக்கலாம், பெர்மிஷன் போயிருக்கவும் கூடும். 1530 நிறைய மெஷின்ல வரும், லாக் ஆஃப் பண்ணும்போது ஏதோ ஒரு ப்ரோக்ராம் ரெஜிஸ்ட்ரியை விடாம பிடிச்சிருந்ததுன்னு சொல்ற எச்சரிக்கை, எந்த ப்ரோக்ராம்னு பேரும் அதுலயே இருக்கும். எப்பவாவது வந்தா விட்டுருங்க, ஒரே ஆளுக்கு தினமும் வந்து கூடவே டெம்ப் ப்ரொஃபைலும் வந்தா அந்த ப்ரோக்ராமை விசாரிங்க, பெரும்பாலும் ஆன்டிவைரஸோ பிரிண்டர் சாஃப்ட்வேரோ கையும் களவுமா மாட்டும்.

இப்ப சரி பண்றது. அந்த ஆளோட செஷன்லயே கமாண்ட் ப்ராம்ப்ட்ல ஹூஅமை ஸ்லாஷ் யூசர்னு (whoami /user) அடிச்சா எஸ்ஐடி நம்பர் வரும், கடைசி நாலஞ்சு நம்பரைக் குறிச்சுக்கோங்க. காப்பி எடுத்தாச்சுன்னு உறுதி ஆனதும் லாக் ஆஃப் பண்ணி, மெஷினை ரீஸ்டார்ட் பண்ணி, வேற ஒரு அட்மின் அக்கவுன்ட்ல உள்ள போங்க. அதே ஆளோட அக்கவுன்ட்ல இருந்துகிட்டு இந்த வேலையைப் பண்ண முடியாது. ரெஜெடிட் திறந்து லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்டி, கரன்ட்வெர்ஷன், ப்ரொஃபைல்லிஸ்ட் வரைக்கும் போங்க. கவனிங்க, விண்டோஸ்னு ஒரு கீயும் விண்டோஸ் என்டின்னு ஒரு கீயும் பக்கத்து பக்கத்துல இருக்கும், என்டி இருக்கிறதுக்குள்ளதான் போகணும். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ப்ரொஃபைல்லிஸ்ட் கீ மேல ரைட் கிளிக் பண்ணி எக்ஸ்போர்ட் ஒண்ணு எடுத்து வெச்சுருங்க.

அங்க அந்த எஸ்ஐடி பேர்ல பெரும்பாலும் ரெண்டு கீ இருக்கும், ஒண்ணு சாதாரணமா, இன்னொண்ணு கடைசில .பேக்னு வாலோட. வால் இருக்கிறதுதான் உண்மையான ப்ரொஃபைல், அதுல ப்ரொஃபைல்இமேஜ்பாத்ங்கிற மதிப்பைப் பார்த்தீங்கன்னா அவங்க பேர் இருக்கிற போல்டர் காட்டும். வால் இல்லாதது டெம்ப்புக்கு போட்டது. வால் இல்லாததை .ஓல்டுன்னு பேர் மாத்துங்க, அப்புறம் .பேக் கீல அந்த வாலை மட்டும் எடுத்துருங்க, அதுக்குள்ள ஸ்டேட், ரெஃப்கவுன்ட்னு ரெண்டு மதிப்பு இருந்தா ரெண்டையும் 0 ஆக்குங்க, ரீஸ்டார்ட் பண்ணி அந்த ஆளை லாக்இன் பண்ணச் சொல்லுங்க. .பேக் கீ ஒண்ணு மட்டும்தான் இருக்குன்னா வாலை எடுத்தாலே போதும். பழைய வால்பேப்பர் வந்ததும் அவங்க முகத்தைப் பார்க்கணும் நீங்க, அதுக்காகவே இந்த வேலை பண்ணலாம்.

இப்படிப் பண்ணியும் மறுபடி டெம்ப்தான் வருதுன்னா என்டியூசர்.டேட் கெட்டிருக்கும். சந்தேகம் தீரணும்னா ரெஜெடிட்ல யூசர்ஸ் கீயைத் தொட்டுட்டு ஃபைல் மெனுவுல லோட் ஹைவ் கொடுத்து அந்த ஃபைலை லோட் பண்ணிப் பாருங்க. லோட் ஆகலன்னா முடிஞ்சுது, புது ப்ரொஃபைல்தான். லோட் ஆச்சுன்னா மறக்காம அன்லோட் பண்ணிருங்க, இல்லன்னா நீங்களே அதை பிடிச்சு வெச்சுகிட்டு அடுத்த லாக்இனைக் கெடுத்துருவீங்க. டிஸ்க் ஃபுல்லா இருக்கான்னும் பாருங்க, சி டிரைவ்ல இடமே இல்லன்னாலும் இந்த மாதிரி கூத்தெல்லாம் நடக்கும். புதுசா வர்ற எந்த ஆளும் அந்த மெஷின்ல நுழைய முடியல, பழைய ஆளுங்க எல்லாம் போக முடியுதுன்னா யூசர்ஸ்ல டிஃபால்ட்னு மறைஞ்சிருக்கிற போல்டரைப் பாருங்க, புது ப்ரொஃபைல் எல்லாம் அதுல இருந்துதான் காப்பி ஆகுது, அது கெட்டிருந்தா இன்னொரு நல்ல மெஷின்ல இருந்து, அதே வெர்ஷனா பார்த்து, எடுத்துப் போடலாம்.

புது ப்ரொஃபைல் வேணும்னு முடிவாச்சுன்னா பழசை அழிக்கிற விதத்துலதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. யூசர்ஸ்குள்ள போய் போல்டரை டெலிட் பண்ணிருவாங்க, ரெஜிஸ்ட்ரில கீ அப்படியே இருக்கும், அடுத்த லாக்இன்ல விண்டோஸ் கீயைப் பார்க்கும், போல்டரைத் தேடும், கிடைக்காது, டெம்ப் கொடுத்துரும். நான் பார்த்த டெம்ப் ப்ரொஃபைல்ல பாதி இப்படி நாமளே உண்டாக்கினதுதான். முறையான வழி, ரன் பாக்ஸ்ல சிஸ்டிஎம்.சிபிஎல் (sysdm.cpl) அடிச்சு அட்வான்ஸ்டு டேப்ல யூசர் ப்ரொஃபைல்ஸ் செட்டிங்ஸ் திறந்து அங்க டெலிட் பண்றது, போல்டரும் கீயும் சேர்ந்தே போகும். அங்க டெலிட் பட்டன் மங்கலா இருந்தா அந்த ப்ரொஃபைல் இன்னும் லோட் ஆகி இருக்கு, ஒரு ரீஸ்டார்ட் போட்டுட்டு வாங்க. அழிக்கறதுக்கு முன்னாடி முழு போல்டரையும் காப்பி எடுத்து குறைஞ்சது ஒரு மாசம் வெச்சிருங்க. பிரவுசர் புக்மார்க், அவுட்லுக் சிக்னேச்சர் மாதிரி சமாச்சாரம் எல்லாம் ஆப்டேட்டாங்கிற மறைஞ்ச போல்டருக்குள்ள இருக்கு, அதை மூணு நாள் கழிச்சுதான் கேப்பாங்க.

ரோமிங் ப்ரொஃபைல், அதாவது ப்ரொஃபைலை சர்வர்ல வெச்சு எந்த மெஷின்ல உட்கார்ந்தாலும் கூடவே வர்ற மாதிரி பண்றது, இருக்கிற இடத்துல இன்னும் ரெண்டு மூணு விஷயம். லேப் ஒண்ணுல விண்டோஸ் 7, லேப் ரெண்டுல விண்டோஸ் 10 இருந்தா ஒரே மாணவருக்கு சர்வர்ல ரெண்டு போல்டர் உருவாகும், 7க்கு .வி2, 10ல 1607 வெர்ஷன்ல இருந்து .வி6, ஒண்ணுல வெச்சது இன்னொண்ணுல வராது. அது ஃபால்ட் இல்ல, அப்படித்தான் வடிவமைச்சிருக்காங்க. ஃபைல் ரெண்டு பக்கமும் தெரியணும்னா டாக்குமென்ட்ஸையும் டெஸ்க்டாப்பையும் ஃபோல்டர் ரீடைரக்ஷன்ல, அதாவது அந்த போல்டர்களை நேரா சர்வர் ஷேர்லயே வைக்கிற முறைல, போட்டுருங்க. அடுத்தது, ஒரே லாக்இன்னை பத்து பேர் ஒரே நேரத்துல பத்து மெஷின்ல போட்டா கடைசியா யார் லாக் ஆஃப் பண்றாங்களோ அவங்க செட்டிங்தான் சர்வர்ல நிக்கும், ஏன்னா என்டியூசர்.டேட் ஒரே ஃபைல், அதுல பாதிய இங்கயும் பாதிய அங்கயும் சேர்க்க முடியாது. அப்புறம் சர்வர்ல அந்த ப்ரொஃபைல் போல்டரைத் திறக்க முடியலன்னு அட்மின் ஓனர்ஷிப்பை எடுத்துக்கிட்டா அந்த ஆளுக்கு ரோமிங்கே நின்னுரும், போல்டரோட ஓனர் அவங்களான்னு விண்டோஸ் சோதிச்சுப் பார்க்கும். எடுத்துட்டீங்கன்னா வேலை முடிஞ்சதும் ஓனரை அவங்க பேருக்கே திருப்பிக் கொடுங்க.

கணக்குப் பிரிவு மாதிரி இடத்துக்கு ஒரு பாலிசி, அதாவது சர்வர்ல இருந்து மெஷின்களுக்குப் போடற ஒரு விதி, சொல்றேன். கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன்ல, அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், சிஸ்டம், யூசர் ப்ரொஃபைல்ஸ்குள்ள போனா டெம்ப் ப்ரொஃபைல்ல உள்ள விடாதேங்கிற செட்டிங் இருக்கு. அதை எனேபிள் பண்ணினா ப்ரொஃபைல் லோட் ஆகலன்னா உள்ள விடாம வெளிய தள்ளிரும், ஆள் உடனே நமக்கு போன் பண்ணுவாங்க. அரை மணி நேரம் வேலை நிக்கும்தான், ஆனா ஒரு நாள் உழைப்பு காணாம போறதுக்கு இது எவ்வளவோ மேல்.

இனி பாலிசி வராத கதை. டொமைன்னா ஆபீஸோட மெஷினையும் ஆளுங்களையும் ஒரே இடத்துல இருந்து நிர்வகிக்கிற அமைப்பு, அதுல பாலிசிகளைக் கட்டி வெச்சிருக்கிற மூட்டைதான் ஜிபிஓ. "ஜிபிஓ போட்டேன், அந்த மெஷின்ல மட்டும் வரல"ங்கிறதுதான் எப்பவும் வர்ற புகார். ஜிபிஅப்டேட் ஸ்லாஷ் ஃபோர்ஸை பத்து தடவ அடிக்கிறவங்களைப் பார்த்திருக்கேன், அது ஓட்டும், ஏன் வரலன்னு சொல்லாது. சொல்றது ஜிபிரிசல்ட். ஜிபிரிசல்ட் ஸ்லாஷ் ஹெச் போட்டு ஒரு ஃபைல் பேர் கொடுத்தா பிரவுசர்ல திறக்கிற மாதிரி ரிப்போர்ட் வரும், எந்த ஜிபிஓ வந்துச்சு, எது தள்ளுபடி ஆச்சு, எதனாலன்னு எழுதியிருக்கும். ஒரு பொறி இருக்கு இதுல. சாதாரண யூசர்ல ஓட்டினா கம்ப்யூட்டர் பகுதி வராது. அதுக்குன்னு வேற அட்மின் பேர்ல ப்ராம்ப்ட் திறந்து ஓட்டினா யூசர் பகுதில அந்த அட்மினோட பாலிசிதான் வரும், நீங்க அதைப் பார்த்துட்டு, புகார் சொன்ன ஆளுக்கு எல்லாம் சரியா இருக்குன்னு முடிவு பண்ணிருவீங்க. அதனால யூசர் பகுதிக்கு அவங்க செஷன்ல ஒரு தடவ, கம்ப்யூட்டர் பகுதிக்கு அட்மின் ப்ராம்ப்ட்ல ஒரு தடவ, தனித்தனியா எடுங்க.

ரிப்போர்ட்ல அந்த ஜிபிஓ பேரே எங்கயும் இல்லன்னா லிங்க் பண்ணின இடம் தப்பு. ஜிபிஓவை குரூப்புக்கு லிங்க் பண்ண முடியாது. சைட், டொமைன், ஓயூ (டொமைனுக்குள்ள அக்கவுன்ட்களைப் பிரிச்சு வைக்கிற பிரிவு) இந்த மூணுக்குத்தான். யூசர் செட்டிங் போட்டிருந்தா யூசர் அக்கவுன்ட் அந்த ஓயூல இருக்கணும், கம்ப்யூட்டர் செட்டிங்னா கம்ப்யூட்டர் அக்கவுன்ட் இருக்கணும். புதுசா டொமைன்ல சேர்த்த மெஷின் கம்ப்யூட்டர்ஸ்ங்கிற கன்டெய்னர்ல போய் உட்காரும், அது ஓயூ கிடையாது, அதுக்கு லிங்க் போடவே முடியாது, மெஷினை இழுத்து சரியான ஓயூல விடணும். லேப்ல யார் உட்கார்ந்தாலும் ஒரே மாதிரி பூட்டணும்னா லூப்பேக் இருக்கு, மெஷின் இருக்கிற ஓயூவோட யூசர் செட்டிங்கை உட்கார்ற எல்லாருக்கும் போடும்.

பேர் இருக்கு, ஆனா செக்யூரிட்டியால மறுக்கப்பட்டதுன்னு இருந்தா டெலிகேஷன் டேபைத் திறங்க. 2016 ஜூன் மாச அப்டேட்ல ஒரு பெரிய மாற்றம் வந்துச்சு, அதுக்கப்புறம் யூசர் பாலிசியைக் கூட மெஷினோட அக்கவுன்ட்தான் போய் எடுக்குது. யாரோ ஒருத்தர் செக்யூரிட்டி ஃபில்டரிங்ல ஆதென்டிகேட்டட் யூசர்ஸை (டொமைன்ல லாக்இன் ஆகிற எல்லா ஆளும் மெஷினும் இதுல அடக்கம்) எடுத்துட்டு தன் குரூப்பை மட்டும் போட்டிருப்பார், மெஷினுக்குப் படிக்கிற உரிமை இல்ல, பாலிசி சத்தமே இல்லாம நின்னுரும். அப்ளை உரிமை வேண்டாம், ரீட் மட்டும் ஆதென்டிகேட்டட் யூசர்ஸுக்கோ டொமைன் கம்ப்யூட்டர்ஸுக்கோ கொடுத்தா போதும். இத்தனை வருஷம் கழிச்சும் வாரத்துக்கு ஒருத்தராவது இதுல சிக்கறதைப் பார்க்கறேன். இன்னொண்ணு, ஆளை குரூப்ல சேர்த்தா அவங்க லாக் ஆஃப் பண்ணி வந்தாதான் குரூப் ஒட்டும், மெஷினை சேர்த்தா ரீஸ்டார்ட் வேணும்.

மெஷின்ல எந்த பாலிசியுமே வரலன்னா ஜிபிஓவைக் குடையாதீங்க, நெட்வொர்க்கைப் பாருங்க. லாக்இன் ஆகுதேன்னு நம்பாதீங்க, விண்டோஸ் கடைசியா வந்த 10 பேரோட விவரத்தை மெஷின்லயே வெச்சிருக்கும், கேபிளைப் பிடுங்கிட்டா கூட அவங்க உள்ள போகலாம். சிஸ்டம் லாக்ல 1129 இருந்தா டொமைன் கன்ட்ரோலரை, அதாவது டொமைனை நடத்தற சர்வரை, எட்ட முடியல, 1058 இருந்தா அந்த சர்வர்ல பாலிசி ஃபைல் எல்லாம் இருக்கிற சிஸ்வால் ஷேர்ல ஜிபிடி.ஐஎன்ஐ ஃபைலைப் படிக்க முடியல. என்எல்டெஸ்ட் ஸ்லாஷ் டிஎஸ்கெட்டிசி கோலன் (nltest /dsgetdc:) போட்டு டொமைன் பேர் கொடுங்க, கன்ட்ரோலர் பேர் வரணும். வரலன்னா பத்துக்கு எட்டு தடவ டிஎன்எஸ்தான், அதாவது பேரைக் கொடுத்தா ஐபி அட்ரஸ் சொல்ற சர்வர்தான். இன்டர்நெட் ஸ்லோன்னு யாரோ 8.8.8.8 போட்டிருப்பாங்க, கூகுள் டிஎன்எஸுக்கு உங்க டொமைன் எங்க இருக்குன்னு எப்படித் தெரியும்? ரெண்டாவதா கூட அதைப் போடாதீங்க. மெஷினுக்கு டொமைன் டிஎன்எஸ் மட்டும், வெளிய போற வழியை டிஎன்எஸ் சர்வர்ல ஃபார்வர்டரா வைங்க.

டிஎன்எஸ் சரின்னா கடிகாரம். எங்க லேப்ல 17ஆம் நம்பர் மெஷின் திங்கக்கிழமை காலைல மட்டும் பாலிசி வாங்காது, டிரைவ் மேப் ஆகாது, செவ்வாய்க்கிழமை ஒழுங்கா இருக்கும். மூணு வாரம் ஜிபிஓவையே மாத்தி மாத்திப் பார்த்தோம். நாலாவது வாரம் திங்கக்கிழமை மூலைல தேதியைப் பார்த்தா வருஷமே வேற. சனிக்கிழமை சாயங்காலம் மெயினை ஆஃப் பண்ணிட்டுப் போவாங்க, மதர்போர்ட்ல சிஆர்2032 பேட்டரி செத்துப் போயிருந்தது, ரெண்டு ராத்திரி கரன்ட் இல்லாம இருந்தா கடிகாரம் பின்னாடி போயிரும். டொமைன்ல லாக்இன்னை சரிபார்க்கிற கெர்பரோஸ், 5 நிமிஷத்துக்கு மேல வித்தியாசம் இருந்தா ஒத்துக்காது. பேட்டரியை மாத்தினோம், அதோட சரி. 

லேப்ல ரீஸ்டார்ட் பண்ணினா பழைய நிலைக்குத் திரும்பற ஃப்ரீஸ் சாஃப்ட்வேர் போட்டிருந்தா இன்னொரு சங்கதி. மெஷின் அக்கவுன்டுக்கும் பாஸ்வேர்ட் உண்டு, 30 நாளுக்கு ஒருக்க அது தானா மாத்திக்கும், மாத்தின பிறகு மெஷின் பழைய நிலைக்குப் போயிட்டா சர்வர்ல ஒரு பாஸ்வேர்ட், மெஷின்ல ஒரு பாஸ்வேர்ட், டொமைனுக்கும் மெஷினுக்கும் இடையில இருக்கிற ட்ரஸ்ட் அறுந்துரும். பவர்ஷெல்ல டெஸ்ட்-கம்ப்யூட்டர்செக்யூர்சேனல் அடிச்சா ஃபால்ஸ்னு வரும், அதையே ரிப்பேர் ஸ்விட்சும் டொமைன் அட்மின் பாஸ்வேர்டும் கொடுத்து ஓட்டினா ஒட்டிக்கும், டொமைன்ல இருந்து எடுத்து திரும்பச் சேர்க்கிற வேலை மிச்சம். ஃப்ரீஸை எடுத்துட்டு ரிப்பேர் பண்ணுங்க, இல்லன்னா அடுத்த ரீஸ்டார்ட்ல பழையபடி அறுந்துரும்.

பாலிசி போட்டு உடனே வரலன்னு பதறவும் வேண்டாம். மெஷின் 90 நிமிஷத்துக்கு ஒருக்கதான் புதுப்பிக்கும், அதுக்கு மேல 30 நிமிஷம் வரைக்கும் தள்ளியும் போகலாம். ஃபோல்டர் ரீடைரக்ஷனும் சாஃப்ட்வேர் இன்ஸ்டாலும் அப்பவும் வராது, லாக்இன்லயோ பூட்லயோதான் வரும், சில சமயம் ரெண்டு தடவ லாக்இன் பண்ணினாதான் வரும், ஏன்னா விண்டோஸ் நெட்வொர்க்குக்குக் காத்திருக்காம சீக்கிரம் டெஸ்க்டாப்பைக் காட்டிரும். நெட்வொர்க்குக்காக எப்பவும் காத்திருங்கிற பாலிசியை எனேபிள் பண்ணினா ஒரே தடவைல வரும், பூட் கொஞ்சம் தாமதமாகும்.

லாக்இன் ரொம்ப நேரம் எடுக்குதுன்னா குத்துமதிப்பா எதையும் நிறுத்தாதீங்க. ஈவன்ட் வியூவர்ல அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், குரூப்பாலிசி, ஆபரேஷனல் திறங்க. 8001ல மொத்தம் எத்தனை செகண்ட் ஆச்சுன்னு இருக்கும், 5016ல ஒவ்வொரு பகுதிக்கும் எத்தனை மில்லிசெகண்ட்னு தனித்தனியா இருக்கும். பெரிய நம்பர் டிரைவ் மேப்லயோ பிரிண்டர்லயோ இருந்தா, எப்பவோ கழட்டி வெச்ச பழைய சர்வரை அது இன்னும் தேடிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், அந்த ஒரு வரியை ஜிபிஓவோட ப்ரிஃபரன்ஸஸ் பகுதில இருந்து எடுத்தா போதும்.

ஜிபிஓவை எடுத்துட்டோம், ஆனா செட்டிங் போகலன்னு வர்ற கேஸுக்கு, அது ரெஜிஸ்ட்ரில எங்க எழுதினதுன்னு பாருங்க. பாலிசீஸ்னு பேர் இருக்கிற கீக்குள்ள எழுதினது ஜிபிஓ போனதும் தானா போயிரும். ப்ரிஃபரன்ஸஸ் வழியா வேற கீல எழுதினது பச்சை குத்தின மாதிரி அப்படியே நிக்கும், ஜிபிஓ இருக்கும்போதே அந்த ஐட்டத்தை டெலிட் ஆக்ஷனுக்கு மாத்தி எல்லா மெஷினும் ஒரு தடவ வாங்கிக்கிட்ட பிறகுதான் ஜிபிஓவை எடுக்கணும். லேப்ல ரெண்டு வாரமா யாரும் ஆன் பண்ணாத மெஷின் ஏதாவது இருந்தா அதையும் ஒரு தடவ ஆன் பண்ணி விடுங்க.